பைபிள் கதைகளிலிருந்து அன்றாட வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

தாவீது என்றால் தைரியம், யோனா என்றால் கீழ்ப்படிதல், யோசேப்பு என்றால் மன்னிப்பு, மார்த்தாள் என்றால் ஓயாத அடுப்படி வேலை. ஞாயிறு பள்ளிக்குப் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தப் பட்டியலை ஒப்பிப்பார்கள். சிக்கலே அதில்தான் இருக்கிறது. பைபிளைத் திறக்கும் முன்பே பாடம் தெரிந்துவிடுவதால் கதையை நாம் படிப்பதே இல்லை, தெரிந்ததை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். அப்புறம் திங்கட்கிழமை காலையில் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது "தைரியமாக இரு" என்ற பாடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

இங்கே சொல்லப்போவது ரொம்பச் சாதாரணமான முறை. பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கானது இல்லை. வீட்டில் தனியாகவோ குடும்ப ஜெபத்திலோ படிக்கிறவர்களுக்கானது. ஒரு பைபிள், ஒரு நோட்டு, ஒரு பென்சில், அரை மணி நேரம் இருந்தால் போதும்.

முதல் படி: கதையை முடியும்வரை படியுங்கள்

கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் பாதிப் பாடங்கள் தவறிப்போவது இங்கேதான். அதிகார எண்களை நம்பாதீர்கள். அவை மூல நூல்களை எழுதியவர்கள் போட்டவை அல்ல. இப்போது நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்கள் வந்ததோ 1551-இல். ஆகவே அதிகாரம் முடிந்தது என்பதால் கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

யோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே நான்கு அதிகாரம், 48 வசனம், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். நம்மில் பெரும்பாலோர் மீன் அவனைக் கரையில் கக்கியதோடு நிறுத்திவிடுகிறோம், கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் நினிவே மனந்திரும்பும்வரை வருவார்கள். ஆனால் தேவன் நினிவேக்குப் போகச் சொன்னபோது தான் ஏன் ஓடினான் என்று நான்காம் அதிகாரத்தில்தான் யோனா வாயைத் திறந்து சொல்கிறான். பயத்தினால் இல்லை. "நீர் இரக்கமுள்ளவர், இவர்களை மன்னித்துவிடுவீர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடினேன்" என்கிறான்! நினிவே அசீரியர்களின் ஊர். கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் வடக்கு ராஜ்யத்தை அழித்தது அந்த அசீரியாதான். அந்த ஊர் பிழைத்துப்போனது யோனாவுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு உட்கார்ந்துகொண்டு, நிழல் தந்த ஆமணக்குச்செடி காய்ந்ததற்காகச் சாகவேண்டும் என்கிறான். கதை தேவனுடைய ஒரு கேள்வியோடு அப்படியே நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவே இல்லை.

இப்போது பாடம் என்ன? நிலத்தகராறில் நம்மை ஏமாற்றிய பங்காளியின் மகனுக்கு நல்ல வேலை கிடைத்து, சபையில் அவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி அது. "கீழ்ப்படி" என்பதைவிட இது எவ்வளவோ சங்கடமானது.

எரேமியா 29:11-க்கும் இதே கதிதான். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனம் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் முடிய வேண்டும் என்கிறது. ஐந்தாம் வசனம், அங்கே சிறைப்பட்டுப் போனவர்களைப் பார்த்து, பாபிலோனிலேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்கிறது. அட்டையைக் கழற்ற வேண்டாம், ஆனால் முழு அதிகாரத்தையும் ஒருமுறை படித்துவிட்டு அதைப் பாருங்கள்.

இரண்டாம் படி: தேவையில்லாத மாதிரி தெரியும் விவரத்துக்குக் கோடு போடுங்கள்

பைபிள் கதைகள் சிக்கனமாக எழுதப்பட்டவை. யார் என்ன நிறம், என்ன உயரம் என்றெல்லாம் பெரும்பாலும் சொல்லாது. அப்படிப்பட்ட எழுத்தில் ஓர் அளவோ, ஒரு பொருளோ, ஒருவர் சொன்ன வார்த்தையோ வந்தால் அதற்கு வேலை இருக்கிறது.

1 சாமுவேல் 17, தாவீது கோலியாத்தைக் கொன்ற கதை. கவணையும் கல்லையும் கொஞ்சநேரம் மறந்துவிட்டு 17-ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். தாவீது அன்றைக்குப் போர்க்களத்துக்குப் போனதே சாப்பாடு கொண்டுபோகத்தான். அண்ணன்களுக்கு வறுத்த பயற்றில் ஒரு மரக்காலும் பத்து அப்பமும், அவர்கள் தலைவனுக்குப் பத்துப் பால்கட்டியும் அப்பா கொடுத்தனுப்புகிறார். 20-ஆம் வசனத்தில் ஒரு சின்ன விவரம்: அதிகாலையில் எழுந்து ஆடுகளைக் காவலாளி வசம் விட்டுவிட்டுப் போகிறான். 22-இல் இன்னொன்று: கொண்டுவந்த சாமான்களை, சாமான் காக்கிறவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் அண்ணன்களைப் பார்க்க ஓடுகிறான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறார்கள் என்று 28-ஆம் வசனத்தில் தெரியும். மூத்த அண்ணன் எலியாப் கோபத்தில், அந்தக் கொஞ்ச ஆடுகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய், உன் அகங்காரம் எனக்குத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் வைகிறான்.

பதில் நமக்குத் தெரியும், எட்டு வசனத்துக்கு முன்பே படித்துவிட்டோம். தாவீதும் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் இப்போது என்ன செய்துவிட்டேன் என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு, வேறொருவன் பக்கம் திரும்பித் தன் பேச்சைத் தொடர்கிறான். கூட்டுக்குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டு வசனம் போதும். கோலியாத்தை எல்லாரும் சந்திப்பதில்லை, எலியாப் இல்லாத வீடு கிடையாது. செய்யவேண்டிய வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வந்தவன், வசவுக்கு நின்று வாதாட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: நடந்ததைச் சொல்கிறதா, மெச்சுகிறதா?

ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்று சொன்னார், யாக்கோபு அப்பாவை ஏமாற்றினார், யெப்தா அவசரப்பட்டுப் பொருத்தனை செய்தார். பரிசுத்த வேதாகமத்தில் இருப்பதாலேயே இதெல்லாம் முன்மாதிரி ஆகிவிடாது. பைபிள் பல இடங்களில் தீர்ப்பை உடனே சொல்லாது, பின்னால் நடப்பதை வைத்துச் சொல்லும். யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் கட்டிக்கொண்டு பார்வை மங்கிய ஈசாக்கை ஏமாற்றுகிறார் (ஆதியாகமம் 27). பிறகு கலியாண ராத்திரியில் ராகேலுக்குப் பதில் லேயாளை வைத்து மாமனார் லாபான் அவரை ஏமாற்றுகிறார். வயதான காலத்தில் சொந்தப் பிள்ளைகளே ஒரு வெள்ளாட்டுக்கடாவின் ரத்தத்தில் யோசேப்பின் அங்கியைத் தோய்த்து அவரை ஏமாற்றுகிறார்கள். தண்டனை என்ற சொல் எங்கேயும் இல்லை, ஆனால் அந்த ஆட்டை மறுபடி கொண்டுவந்தது தற்செயலாகவா இருக்கும்?

நம் ஊரில் அதிகம் தவறாகப் பயன்படுவது கிதியோனின் ஆட்டுத்தோல் என்பது என் கணிப்பு. "ஆண்டவரே, இந்த வரன் உமது சித்தமானால் நாளைக்குள் போன் வரட்டும்" என்று அடையாளம் கேட்கிறவர்கள் அநேகம். நியாயாதிபதிகள் 6-ஐ முதலிலிருந்து படித்தால், செய்யவேண்டியது என்ன என்று கிதியோனுக்குத் தெளிவாகச் சொல்லியாயிற்று. பனி தோலின்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டுத் தோலைப் போடும்போது அவரே "நீர் சொன்னபடி" என்றுதான் ஆரம்பிக்கிறார், இரண்டாம் தடவை கேட்கும்போது கோபப்படாதேயும் என்று கெஞ்சுகிறார். ஆக அது சித்தம் அறியும் வழி இல்லை, சொன்னதை நம்பமுடியாமல் தவித்த ஒருவருடைய பலவீனம். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளாமல் பொறுத்துக்கொண்டார் என்பது நமக்கு ஆறுதல். அதற்காக மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கவேண்டிய வேலையை போன் மணியிடம் விட்டுவிடக் கூடாது.

நான்காம் படி: பாடம் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்

கதை கேட்பது எப்படி என்பதற்கு பைபிளிலேயே ஒரு கதை இருக்கிறது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் சாகக்கொடுத்த தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏராளம் ஆடுமாடு வைத்திருந்த பணக்காரன் ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்துப்போய், அந்த மனுஷன் சாகவேண்டும், நாலத்தனையாகத் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார். கதை அவருக்கு நன்றாகப் புரிந்தது, பாடத்தையும் சரியாகவே எடுத்தார், ஆனால் அதை வேறு யார் மேலோ போட்டார். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொல்லும்வரை.

ஆகவே நோட்டில் எழுதும்போது "இதை என் மருமகள் படிக்கவேண்டும்" என்று தோன்றினால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதல் வசனத்துக்குப் போங்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போகச் சொல்லி ஒரு பெண்ணிடம் "யோசேப்பு மன்னிக்கவில்லையா?" என்று கேட்கிறவர்கள் ஆதியாகமம் 42 முதல் 45 வரை படிக்கவில்லை என்று அர்த்தம். அண்ணன்கள் யோசேப்பை விற்கும்போது அவர் வயது 17 போல, பார்வோன் முன் நிற்கும்போது 30. தானியம் வாங்க அண்ணன்கள் வந்து நின்றபோது அவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. தான் யாரென்று சொல்லவே இல்லை. ஒருவனைக் காவலில் வைக்கிறார், தம்பி பென்யமீனைக் கொண்டுவரச் சொல்கிறார், அவன் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து மடக்குகிறார். தம்பியைக் கைவிட்டுப் போக இன்னொரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கிறார். அன்றைக்கு யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னே வந்த பிறகுதான் யோசேப்பு அழுதுகொண்டே தன்னை வெளிப்படுத்துகிறார். மன்னிப்பு வேறு, மறுபடி நம்புவது வேறு. இரண்டாவதற்கு எதிராளி மாறியிருக்க வேண்டும்.

துக்க வீட்டில் யோபு கதையைச் சொல்லவே சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் செய்த உருப்படியான காரியம் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு எல்லாம் வம்பு. 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே அவர்களில் ஒருவரான எலிப்பாசிடம் கோபப்படுகிறார்.

ஐந்தாம் படி: அந்தக் காலத்துக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். பைபிளின் பின்பக்க வரைபடம், ஓர இணைவசனங்கள், கூடுதலாக வேறொரு தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் போதும். நல்ல சமாரியன் விடுதிக்காரனிடம் கொடுத்தது இரண்டு வெள்ளிக்காசு. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக் கூலி நாளொன்றுக்கு அதே வெள்ளிக்காசு ஒன்று. ஆக, முன்பின் தெரியாத ஒருவனுக்காக இரண்டு நாள் கூலி, அதற்குமேல் ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற உத்தரவாதம் வேறு. உங்கள் இரண்டு நாள் சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு மறுபடி அந்தக் கதையைப் படியுங்கள்.

ஆறாம் படி: ஒரு கதையை முழுதாகச் செய்து பார்ப்போம்

2 இராஜாக்கள் 4:1-7. ஏழே வசனம். வழக்கமாக இதிலிருந்து எடுக்கும் பாடம், விசுவாசம் பெரிதாக இருந்தால் எண்ணெயும் பெருகும் என்பது. இருக்கட்டும். வசனம் வசனமாகப் பார்க்கலாம்.

தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார். கர்த்தருக்குப் பயந்து நடந்தவர் என்று மனைவியே சொல்கிறாள். அப்படிப்பட்டவர் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடன் இருந்தாலே ஏதோ பாவம், சாபம் என்று பேசுகிறவர்களுக்கு முதல் வசனத்திலேயே பதில் வந்துவிட்டது. கடன் கொடுத்தவன் இரண்டு பையன்களையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டான்.

அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் போய் முறையிடுகிறாள். அவர் கேட்ட முதல் கேள்வி "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" அதன் பிறகுதான் "வீட்டில் என்ன இருக்கிறது?" இந்த வரிசை முக்கியம். உதவி கேட்டு வருகிறவரிடம் நாம் நேராக இரண்டாம் கேள்விக்குப் போய்விடுகிறோம், அதுவும் விசாரணை அதிகாரி மாதிரி.

ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றும் இல்லை என்கிறாள். அக்கம்பக்கத்து வீடுகளில் போய் வெறும்பாத்திரம் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்கிறார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. அவள் பணம் கடன் கேட்கப் போகவில்லை. பாத்திரம். ஒரு குழுவில் வாங்கிய கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன் வாங்கி, அதை அடைக்கக் கம்மலை அடகு வைத்து, வாரம் முழுக்கத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனை! இந்த விதவை கடனை ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. ஆனால் உதவி கேட்டாள், வாசல் வாசலாகப் போய்க் கேட்டாள். கடன் வந்த வீட்டில் முதலில் நின்றுபோவது பக்கத்து வீட்டுப் பேச்சுவார்த்தைதான், அந்தக் கூச்சத்தை அவள் தாண்டினாள்.

அப்புறம் கதவைப் பூட்டிக்கொள்கிறார்கள். எலிசாகூட உள்ளே இல்லை. அவளும் பையன்களும் மட்டும். யாரை அடிமையாகக் கொண்டுபோக வந்தார்களோ அவர்களே பாத்திரம் எடுத்துக்கொடுக்கிறார்கள், அம்மா ஊற்றுகிறாள். குடும்பத்தின் கடன் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஒரு கை பிடிக்க முடிகிறது. பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுபோகிறது.

கடைசி வசனத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. நிரம்பிய பாத்திரங்களைப் பார்த்ததும் அவள் தானாக எதுவும் செய்யாமல் திரும்பப் போய்க் கேட்கிறாள். எலிசா சொல்லும் வரிசை: விற்றுவிடு, கடனைத் தீர்த்துவிடு, மீந்ததைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். அற்புதம் நடந்த கையோடு சந்தைக்குப் போகவேண்டியிருக்கிறது. கடன் அடைந்த பிறகுதான் மிச்சம் நம்முடையது.

சரி, இதிலிருந்து நம் வீட்டுக்கு என்ன? எண்ணெய் பெருகும் என்று இந்தக் கதை உங்களுக்கோ எனக்கோ வாக்குக் கொடுக்கவில்லை, அது தேவன் அன்று அந்த வீட்டில் செய்தது. மனுஷர் செய்தவற்றை நாமும் செய்யலாம். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று எல்லாக் கடனையும் ஒரே நோட்டில் எழுதுவது. மறைத்து வைத்திருப்பதைக் கணவனிடமோ மனைவியிடமோ இன்றைக்கே சொல்லிவிடுவது. கையில் இருக்கும் தொழில், தையல் மெஷின், சும்மா கிடக்கும் பொருள் எது என்று பட்டியல் போடுவது. பழைய கடனுக்காகப் புதுக்கடன் வாங்காமல் வேறு விதத்தில் உதவி கேட்பது. போனஸ் வந்தால் முதலில் எந்தக் கடனை முடிப்பது என்று இப்போதே முடிவு பண்ணி வைப்பது.

நீங்கள் கடன் கொடுத்த பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு வேறு பாடம். யாத்திராகமம் 22-ஐப் புரட்டுங்கள்: விதவையை ஒடுக்காதே, ஏழையிடம் வட்டி வாங்காதே, அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடு. உபாகமம் 24:6 மாவரைக்கும் கல்லை அடகு வாங்காதே என்கிறது, அது அவன் பிழைப்பு. ஆட்டோவைப் பிடுங்கிக்கொண்டு போனால் அந்த மனுஷன் எதை ஓட்டித் தவணை கட்டுவான்?

ஏழாம் படி: பாடத்தில் ஆள், தொகை, நாள் இருக்கட்டும்

"இனிமேல் அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் மறுநாளே மறந்துபோகும். வரி வசூலித்துப் பணக்காரரான சகேயுவைப் பாருங்கள். காட்டத்தி மரத்தில் ஏறியதை மட்டும் பாட்டாகப் பாடிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். லூக்கா 19:8-இல் அவர் சொன்னதில் எண்கள் இருக்கின்றன: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு. தானாக ஒப்புக்கொள்கிறவன் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5-இல் உள்ள சட்டம். அதைத் தாண்டிப் போகிறார்.

அதே மாதிரி எழுதுங்கள்: "சனிக்கிழமை சாயந்தரம் சித்தப்பாவுக்கு போன் பண்ணி, கலியாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டதற்கு வருத்தம் சொல்வேன்." சனிக்கிழமை ராத்திரி செய்தாயிற்றா இல்லையா என்று பார்த்துவிடலாம். செய்யாவிட்டால் அடுத்த கதைக்குப் போகாதீர்கள், அதே கதையைத் திரும்பப் படியுங்கள்.

பிள்ளைகளோடு படிக்கும்போது

"இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். "உனக்கு எது விநோதமாக இருந்தது?" என்று கேளுங்கள். யோனா ஒரு செடிக்காக ஏன் கோபப்பட்டான் என்று கேட்கிற பிள்ளை, இரண்டாம் படியைத் தானாகவே செய்துவிட்டது. நமக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் சேர்ந்து கேட்கலாம்.

எங்கே ஆரம்பிப்பது?

ரூத், நான்கு அதிகாரம், நான்கு ராத்திரி. மாமியாரும் மருமகளும் இருக்கிற வீடென்றால் மாறி மாறிச் சத்தமாகப் படிக்கலாம். முன்கோபக்காரர் உள்ள வீட்டுக்கு 1 சாமுவேல் 25, நாபாலும் அபிகாயிலும். கொடுக்கல் வாங்கல் செய்கிறவர்களுக்கு நெகேமியா 5. மார்த்தாளைப் பற்றி ஒரே அபிப்பிராயம் வைத்திருக்கிறவர்கள் யோவான் 11-ஐயும் 12-ஐயும் சேர்த்துப் படிக்கவேண்டும். "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிட்டதும் அவள்தான், அதற்குப் பிறகும் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்ததும் அவள்தான்.

சபைக் கமிட்டியில் இருக்கிறவர்களுக்கு அப்போஸ்தலர் 6:1-7. கிரேக்கு பேசும் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது. அப்போஸ்தலர் யாரும் முறுமுறுத்தவர்களை விரட்டவில்லை, கூட்டம் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேருடைய பெயரையும் பாருங்கள், எல்லாமே கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்திலிருந்து புகார் வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்திப் பொறுப்பு போயிருக்கிறது போலத் தெரிகிறது. அடுத்த சபைத் தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் தயாரிக்கும் முன் கமிட்டியில் ஒருவர் இதைச் சத்தமாக வாசிக்கலாம்.